யார் படிக்கலாம், யார் திருத்தலாம்? - சிஎச்மோட் கட்டளையும் கணக்குப்பிள்ளை வீட்டுப் பெட்டியும்

"யார் வேணும்னாலும் பாக்கலாமாடா?" என்று கேட்டார் தாத்தா.

2016-ஆம் வருடம். அண்ணனுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்பைத் திண்ணையில் வைத்து, எங்கள் நிலத்தின் பட்டா விவரத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து மேற்கே மலையைப் பார்த்து உள்ளே போனால் எங்கள் ஊர். கண்மாய்க்குக் கீழே 60 சென்ட் நஞ்சை. மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண் எல்லாம் கொடுத்தால் பெயர் வரும் என்றார்கள். வந்தது. ஆனால் தாத்தா பெயர் இல்லை. பெரிய தாத்தாவின் மகன் பெயர் இருந்தது.

"பாக்கலாம் தாத்தா. யாரும் பாக்கலாம்" என்றான் அண்ணன்.

"அப்ப திருத்தவும் செய்யலாமா?"

"அது முடியாது."

தாத்தா கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்துல பாக்கவே விட மாட்டாங்க" என்றார்.

நான் அப்போது பள்ளிக்கூடம். பிறகு கல்லூரியில் சேர்ந்து லினக்ஸ் லேபில் உட்கார்ந்த முதல் வாரம், கறுப்புத் திரையில் "பெர்மிஷன் டினைட்" என்று வந்தபோது இந்தப் பேச்சுதான் ஞாபகத்துக்கு வந்தது. பார்ப்பது வேறு, திருத்துவது வேறு. அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுதி வைக்கத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் சிஎச்மோட் என்று ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள். "சேஞ்ச் மோட்" என்பதன் சுருக்கம். எங்கள் லேபில் எது வேலை செய்யாவிட்டாலும் சிஎச்மோட் 777 அடிப்பது வழக்கம். அடித்தால் வேலை செய்யும்! ஏன் வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் ரொம்ப நாள் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை. முதலில் கம்ப்யூட்டர் கதை. அது முடிந்ததும் எங்கள் ஊர்க் கதைக்குத் திரும்பி வருகிறேன்.

பூட்டு ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டரை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்துவார் என்ற நிலை இருந்தவரை பிரச்சினையே இல்லை. அறையைப் பூட்டினால் போதும். 1961-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் குழுவினரும் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை இயக்கிக் காட்டினார்கள். ஒரே இயந்திரத்தில் பல பேர், பல டெர்மினல்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்புகள். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ்வேர்ட்.

பூட்டு வந்ததும் திருட்டும் வந்துவிட்டது. 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கிய நேரம் அவர் வேலைக்குப் போதவில்லை. கோப்புகளை அச்செடுத்துத் தரும் வசதி ஒன்று இருந்தது. பாஸ்வேர்ட் கோப்பின் பெயரைத் துளை அட்டையில் அடித்துக் கொடுத்தார். இயந்திரமும் எல்லாருடைய பாஸ்வேர்டையும் சமர்த்தாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது. (இதைப் பல வருடம் கழித்து அவரேதான் வெளியில் சொன்னார். நம் லேப் பசங்களுக்கெல்லாம் முன்னோடி!)

இன்னொன்று இதைவிட வேடிக்கை. 1966 வாக்கில் ஒரு நாள், சிடிஎஸ்எஸ்ஸில் உள்ளே நுழைந்த எல்லாருக்கும் "இன்றைய செய்தி" வர வேண்டிய இடத்தில் எல்லாருடைய பாஸ்வேர்டும் வரிசையாக வந்தது. யாரும் திருடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு நிர்வாகிகள், ஒருவர் செய்திக் கோப்பையும் இன்னொருவர் பாஸ்வேர்ட் கோப்பையும் திருத்திக்கொண்டிருந்தார்கள். எடிட்டர் இரண்டுக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பு வைத்திருந்தது. இரண்டும் இடம் மாறிப் போயின. எடிட்டரை எழுதியவர் ஒரு நேரத்தில் ஒருவர்தான் திருத்துவார் என்று நினைத்து எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

இந்த அனுபவங்களோடு அடுத்து வந்தது மல்டிக்ஸ். எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து 1960களின் நடுவில் ஆரம்பித்த பெரிய திட்டம். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பட்டியல்: இன்னாருக்கு இது இது செய்ய அனுமதி என்று ஆள் ஆளாக. அழகான ஏற்பாடு, ஆனால் கனமானது. 1969-ல் பெல் லேப்ஸ் அந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. விலகி வந்தவர்களில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் இருந்தார்கள். யாரும் அதிகம் தொடாமல் கிடந்த ஒரு பிடிபி-7 இயந்திரத்தில் தாம்ப்சன் ஆரம்பித்ததுதான் யூனிக்ஸ்.

1971-ல் யூனிக்ஸ் ஒரு பிடிபி-11 இயந்திரத்துக்கு மாறியிருந்தது. வேறு யாருக்காவது பயன்படுகிறது என்று காட்டினால்தானே நிர்வாகம் காசு கொடுக்கும்? ஆகவே பேடண்ட் பிரிவிலிருந்து மூன்று டைப்பிஸ்டுகள் அதில் உட்கார்ந்து காப்புரிமை விண்ணப்பங்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதே இயந்திரத்தில்தான் ரிட்சியும் தாம்ப்சனும் தங்கள் புது புரோகிராம்களைச் சோதிக்க வேண்டும். அந்த மாடலில் நினைவகப் பாதுகாப்பு கிடையாது. ஒருவர் புரோகிராம் உளறினால் எல்லார் வேலையும் போச்சு. எதையாவது புதிதாக ஓட்டுவதற்கு முன், "கோப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி கத்துவார்களாம்.

இப்படிப்பட்ட அறையில்தான் சிஎச்மோட் பிறந்தது. 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே அது இருக்கிறது. அன்றைக்கு அதில் இருந்தவை மொத்தம் ஆறே பிட்டுகள். உரிமையாளர் படிக்கலாமா, உரிமையாளர் எழுதலாமா, மற்றவர் படிக்கலாமா, மற்றவர் எழுதலாமா, இது ஓட்டக்கூடிய புரோகிராமா, கடைசியாக செட்-யுஐடி என்று ஒன்று. (அதைப் பிறகு சொல்கிறேன்.) கவனித்தீர்களா? குழு, அதாவது குரூப் என்பதே கிடையாது. உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: நான், நான் அல்லாதவர்.

மல்டிக்ஸின் நீளமான பட்டியலோடு ஒப்பிட்டால் இது சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் இதற்கு ஒரு கோப்புக்கு ஆறு பிட்டுதான் செலவு. அரை மெகாபைட் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கு அது முக்கியம்.

குழு எப்போது வந்தது என்பதை அவர்கள் எழுதிய கட்டுரைகளிலேயே பார்க்கலாம். 1974 ஜூலையில் ரிட்சியும் தாம்ப்சனும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, ஒரு கோப்புக்கு ஏழு பாதுகாப்பு பிட்டுகள் என்கிறது. படி, எழுது, இயக்கு என்ற மூன்றும் உரிமையாளருக்கு ஒருமுறை, மற்றவருக்கு ஒருமுறை, ஏழாவது செட்-யுஐடி. அதே கட்டுரையைத் திருத்தி 1978-ல் மறுபடி வெளியிட்டபோது ஏழு பத்தாகிவிட்டது. நடுவில் நுழைந்த மூன்றுதான் குழு. நானும் அந்நியனும் மட்டும் இருந்த உலகத்தில் "நம்மாட்கள்" என்று மூன்றாவதாக ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த ஒன்பது பிட்டுகள்தான் இன்றும் நாம் அடிக்கும் மூன்று இலக்கம். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், திருத்தலாம். மற்ற எல்லாரும் படிக்க மட்டும். 600 என்றால் உரிமையாளரைத் தவிர யாருக்கும் ஒன்றும் இல்லை. 777 என்றால் ஊரே வந்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எண்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்பவர்களுக்காக, எழுத்தால் கொடுக்கும் முறை 1979-ல் வந்த ஏழாம் பதிப்பில் சேர்ந்தது. புதிதாகப் பிறக்கும் கோப்புக்கு எந்த அனுமதிகளைத் தானாகவே கழித்துவிட வேண்டும் என்று சொல்லும் யூமாஸ்க் கட்டளையும் அதே பதிப்பில்தான்.

சரி, செட்-யுஐடி. பாஸ்வேர்ட் கோப்பில் எழுதும் உரிமை நிர்வாகிக்கு (ரூட்) மட்டும்தான். ஆனால் என் பாஸ்வேர்டை நானே மாற்ற வேண்டுமே? ரிட்சி ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு குறிப்பிட்ட புரோகிராமை யார் ஓட்டினாலும், அது ஓடும் நேரத்துக்கு மட்டும் அந்தப் புரோகிராமின் உரிமையாளருடைய அதிகாரம் அவருக்குக் கிடைக்கும். புரோகிராம் என் வரியை மட்டும் மாற்றிவிட்டு என்னை வெளியே அனுப்பிவிடும். பேனாவை நம் கையில் கொடுக்காமல், நாம் சொல்வதை எழுதிக்கொள்ளும் குமாஸ்தா மாதிரி. இதற்கு 1973-ல் விண்ணப்பித்து, 1979-ல் காப்புரிமையும் கிடைத்தது. காசு வாங்காமல் பொதுவுக்கே விட்டுவிட்டார்கள்.

எல்லாரும் படிக்கலாம் என்று விட்டதால் வந்த வினையும் உண்டு. அந்த பாஸ்வேர்ட் கோப்பை எழுதத்தான் தடை, படிக்கத் தடை இல்லை. கோப்புகளின் பட்டியலில் உரிமையாளர் பெயரைக் காட்டக்கூட அந்தக் கோப்பைத்தான் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. பாஸ்வேர்டுகள் சங்கேதமாக மாற்றப்பட்டுத்தான் உள்ளே இருந்தன, ஆகவே பயமில்லை என்று நினைத்தார்கள். 1979-ல் ராபர்ட் மாரிஸ் என்பவரும் தாம்ப்சனும் சேர்ந்து, மக்கள் எவ்வளவு சுலபமான பாஸ்வேர்டுகளை வைக்கிறார்கள், அவற்றை ஊகிப்பது எவ்வளவு எளிது என்று ஒரு கட்டுரை எழுதி எச்சரித்தார்கள். 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் ஒரு புழு பரவி ஆயிரக்கணக்கான இயந்திரங்களைப் படுக்க வைத்தது. அது செய்த வேலைகளில் ஒன்று, எல்லாரும் படிக்கக்கூடிய அந்தக் கோப்பைப் படித்து பாஸ்வேர்டுகளை ஊகிப்பது. எழுதியவர் யார் தெரியுமா? அதே ராபர்ட் மாரிஸின் மகன்!! அப்பா எச்சரித்தார், மகன் செய்து காட்டினார். அந்தக் காலத்தை ஒட்டித்தான் பாஸ்வேர்டுகளை மட்டும் பிரித்து, ரூட் மட்டும் படிக்கக்கூடிய தனிக் கோப்பில் பூட்டும் பழக்கம் பரவியது.

அடைவு, அதாவது ஃபோல்டர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஊர்க் கதைக்கு இது வேண்டும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அடைவில் "படி" அனுமதி என்றால் உள்ளே என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்ற பட்டியலைப் பார்க்கலாம். "இயக்கு" அனுமதி என்றால் அதன் வழியாக உள்ளே நுழையலாம். ஒரு கோப்புக்கு 644 கொடுத்து, எல்லாரும் படிக்கலாம் என்று அறிவித்துவிட்டு, அது இருக்கும் அடைவுக்கு 700 கொடுத்துவிட்டால்? கோப்பு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கும். ஆனால் அதனிடம் போய்ச் சேர வாசல் கிடையாது. இன்னொன்று: அடைவில் "எழுது" அனுமதி இருப்பவர், உள்ளே இருக்கும் கோப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாவிட்டாலும், அந்தக் கோப்பையே அழித்துவிடலாம்.

இனி ஊருக்கு வருவோம்.

நம் பக்கத்துக் கிராமங்களில் நிலக் கணக்கை எழுதியவர் கணக்குப்பிள்ளை. கர்ணம் என்றும் சொல்வார்கள். வரி வசூலுக்கு கிராம முன்சீப், கூட தலையாரி. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. அந்த வருடம் ராமநாதபுரம் ஜில்லா உண்டானபோது அதில் சேர்ந்தது. ராஜபாளையமும் அந்தக் காலத்தில் இந்தத் தாலுகாவுக்குள்தான். 1985-ல் இதெல்லாம் காமராஜர் மாவட்டமாகி, பிறகு விருதுநகர் மாவட்டம் என்று பெயர் மாறியது. ஜில்லா எத்தனை முறை மாறினாலும் கிராமத்தில் எழுதிய கணக்குகள் மட்டும் மாறவில்லை. எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று வருடா வருடம் எழுதும் அடங்கல் இரண்டாம் நம்பர் கணக்கு. யார் பேரில் எவ்வளவு நிலம் என்று சொல்லும் சிட்டா பத்தாம் நம்பர். எல்லாவற்றுக்கும் அடிப்படை அ-பதிவேடு.

கணக்கு வருடம் பசலி. ஜூலை 1-ல் பிறக்கும், ஆங்கில வருடத்திலிருந்து 590-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். யூனிக்ஸ் 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை எண்ணும். அந்த நாள் பசலி 1379-ல் வருகிறது. இருவருமே நம் வீட்டுக் காலண்டரைப் பார்ப்பதில்லை :-)

இப்போது அனுமதியைப் பாருங்கள். நிலம் தாத்தாவுடையது. நிலத்தைப் பற்றிய கணக்கு யாருடையது? சர்க்காருடையது. கையில் வைத்திருப்பவர் கணக்குப்பிள்ளை. எங்கள் ஊரில் அது அவர் வீட்டு மரப்பெட்டியில் இருந்ததாகத் தாத்தா சொல்வார். வருடத்துக்கு ஒருமுறை ஜமாபந்தி நடக்கும். அப்போது தாலுகாவில் மேலதிகாரிகள் கணக்கை வாங்கிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். யூனிக்ஸ் பாஷையில் அவர்கள்தான் ரூட். மற்ற நாட்களில் பேனாவும் அவரிடம், பெட்டியும் அவரிடம்.

சட்டத்தில் பார்க்கவே வழியில்லையா என்றால், இருந்தது. 1872-ஆம் வருடத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 76-ஆம் பிரிவு, ஒரு பொது ஆவணத்தைப் பார்வையிட உரிமையுள்ளவர் கட்டணம் கட்டிக் கேட்டால், அதை வைத்திருக்கும் அதிகாரி சான்றிட்ட நகல் கொடுக்க வேண்டும் என்றது. கோப்புக்கு 644 இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடைவு? அந்த அடைவு ஒரு வீடு. அந்த வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவில் நின்று குரல் கொடுக்க வேண்டும் என்பதைச் சாட்சியச் சட்டம் தீர்மானிக்கவில்லை, சாதி தீர்மானித்தது. தாத்தா தெருவில் நின்றவர். உள்ளே இருந்து என்ன வாசித்துச் சொல்கிறார்களோ, அதுதான் அவருக்குக் கணக்கு.

அந்த உரிமையும் பரம்பரையாகப் போய்க்கொண்டிருந்தது. 1895-ஆம் வருடத்துச் சென்னை மாகாணப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் அதற்கு அரண். அப்பாவுக்குப் பின் மகன். அரசியலமைப்பு வந்த பிறகு இது நிற்கவில்லை. 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில், வம்சத்தைப் பார்த்து இந்தப் பதவியைக் கொடுப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1968-ல் தமிழ்நாட்டில் அந்தப் பரம்பரைச் சட்டமே ரத்தானது. ஆனால் பதவியில் இருந்தவர்கள் பெரும்பாலும் அதே குடும்பங்கள்தான். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளையே ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் அரசு செய்தது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர், நாம் விஏஓ என்று சொல்கிறவர்.

எங்கள் ஊர்க் கணக்குகள் துணியில் மூட்டை கட்டி மாட்டு வண்டியில் ஏறி தாலுகாவுக்குப் போனதைத் தாத்தா பார்த்திருக்கிறார். "சாமி ஊர்வலம் மாதிரி இருந்துச்சு" என்பார். கட்டளை வரியில் இதற்கு சிஎச்மோட் போதாது, சிஎச்ஓன் என்று இன்னொரு கட்டளை இருக்கிறது: உரிமையாளரையே மாற்றுவது. யூனிக்ஸ் வகை அமைப்புகள் பலவற்றில் அதை ரூட் மட்டும்தான் செய்ய முடியும். சென்னையிலிருந்து ரூட் அதைச் செய்தது.

அதே காலத்தில் இன்னொரு பெரிய வேலையும் நடந்துகொண்டிருந்தது. 1979-லிருந்து 1987 வரை, தமிழ்நாடு முழுக்க நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து யுடிஆர் என்பார்கள். செத்துப்போனவர்கள் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்த பட்டாக்களை உயிரோடு இருப்பவர்களுக்கு மாற்றுவது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் லட்சக்கணக்கான வரிகளைப் பல பேர் கையால் எழுதினார்கள். பிழைகளும் சேர்ந்தே வந்தன. "யுடிஆர் தப்பு" என்று தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவரிடம் சொன்னால், மேற்கொண்டு விளக்கம் கேட்க மாட்டார். 777 என்பதற்கு ஊர் அளவில் உதாரணம் கேட்டால் நான் இதைச் சொல்ல மாட்டேன், அது நியாயமில்லை. 770 என்று சொல்வேன். குழுவில் இருப்பவர் எல்லாரும் எழுதலாம், வெளியே இருப்பவர் பார்க்கக்கூட முடியாது. எழுதுபவர் பலர், படித்துப் பார்த்து "ஐயா, இது தப்பு" என்று சொல்ல வேண்டியவர் வெளியில். பிழை தங்குவதற்கு இதைவிடத் தோதான அனுமதி கிடையாது.

எங்கள் 60 சென்டில் பெயர் எப்போது மாறியது, யார் கையால் மாறியது என்று இன்றுவரை தெரியாது. பழைய கணக்கிலேயே அப்படித்தான் இருந்ததா, புதுப்பித்தபோது மாறியதா, கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றியபோது மாறியதா? யூனிக்ஸும் இந்த இடத்தில் கையை விரித்துவிடும். ஒவ்வொரு கோப்பைப் பற்றியும் அது குறித்து வைப்பதில், கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பது இருக்கும். யார் மாற்றினார் என்பது இருக்காது. உரிமையாளர் பெயர் இருக்கும், கடைசியாகத் திருத்தியவர் பெயர் இருக்காது. அதற்குத் தனியாக வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

படிக்கும் உரிமை பிறகு மெதுவாக வந்தது. 1997-ல் தமிழ்நாடு ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது. மாநிலங்களில் முன்னோடி என்று பெயர், ஆனால் விதிவிலக்குகள் நிறைய. 2005 அக்டோபர் 12-ல் மத்திய தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழுமையாக அமலுக்கு வந்தது. பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. பிறகு பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் இணையத்தில். என்னைக் கேட்டால், சட்டத்தைவிட இந்தக் கடைசி மாற்றம்தான் பெரிது. சட்டம் கோப்புக்கு அனுமதி கொடுத்தது, இணையம் அடைவைத் திறந்துவிட்டது. யார் வீட்டுத் திண்ணையிலும் ஏற வேண்டியதில்லை. நம் திண்ணையிலேயே பார்த்துக்கொள்ளலாம், பார்த்தோம்.

அது ஏன் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், நிலத்துக்காரருக்கு மட்டும் காட்டினால் போதாதா என்று ஒரு நண்பன் கேட்டான். மாரிஸ் புழு கதையைச் சொன்ன நானே இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பாஸ்வேர்ட் வேறு, பட்டா வேறு. பாஸ்வேர்ட் மற்றவருக்குத் தெரிந்தால் அதற்கு மதிப்பு போய்விடும். பட்டா மற்றவருக்குத் தெரிந்தால்தான் அதற்கு மதிப்பே. வாங்க வருகிறவர், பக்கத்து வயல்காரர், கடன் கொடுக்கும் பேங்க் எல்லாரும் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம்: நிலத்துக்காரருக்கு மட்டும் காட்டு என்று வைத்திருந்தால், அந்தப் பதிவேட்டின்படி எங்கள் தாத்தா நிலத்துக்காரரே இல்லையே! அவருக்கு அது கடைசி வரை தெரிந்திருக்காது. "மற்றவர்" என்ற மூன்றாவது இலக்கத்தில் இருந்த 4-தான் அவருக்குத் தன் நிலத்தின் நிலையைக் காட்டியது.

யூனிக்ஸின் ஒன்பது பிட்டுகளில் ஒரு குறை என்று எனக்குத் தோன்றுவது இதுதான். உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். அந்தக் கோப்பு யாரைப் பற்றியதோ அவருக்கு இடமில்லை. மார்க் ஷீட் என்னைப் பற்றியது, கோப்பு என்னுடையது அல்ல. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் அப்படித்தான். பட்டாவும் அப்படித்தான். 1971-ல் பெல் லேப்ஸில் இருந்தவர்களுக்கு இது தோன்றாததில் ஆச்சரியமில்லை. அவர்கள் அறையில் கோப்பை எழுதியவரும் வைத்திருந்தவரும் ஒருவரே. பின்னால் லினக்ஸிலும் மற்றவற்றிலும் மல்டிக்ஸ் மாதிரிப் பட்டியல் வசதி திரும்பி வந்தது. ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனிப் பயனர் எண் கொடுத்து, ஒன்றின் கோப்பை இன்னொன்று பார்க்காமல் இதே பழைய பிட்டுகளால் தடுத்திருக்கிறார்கள். உள்ளே அத்தனை பயனர்கள் இருக்க, போனுக்குக் காசு கொடுத்து வாங்கியவருக்கு ரூட் கிடையாது!

தாத்தா மனு போட்டார். பெரிய தாத்தா மகன் எங்கள் வீட்டுக்கு வந்து, "இது எனக்கே தெரியாது சித்தப்பா" என்றார். அவர் சம்மதக் கடிதம் கொடுத்ததால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வரை போக வேண்டிய வேலை இல்லாமல் போனது. அப்படியும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. உத்தரவு வந்த பிறகு அண்ணன் மறுபடி அதே லேப்டாப்பில் சர்வே எண்ணைப் போட்டான். தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அப்பா பெயரில் ஒரு கால் விட்டுப் போயிருந்தது. "பரவாயில்ல, இருக்கட்டும்" என்றார்.

உங்களிடம் லினக்ஸ் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். புதிதாக ஒரு கோப்பை உருவாக்கி, உள்ளே உங்கள் பெயரை எழுதி, சிஎச்மோட் 044 கொடுங்கள். இப்போது திறந்து பார்த்தால் "பெர்மிஷன் டினைட்" என்று வரும். அடைவுகளின் வாசல் மட்டும் திறந்திருந்தால், பக்கத்து சீட்டில் வேறு பெயரில் நுழைந்திருப்பவர் அதே கோப்பைத் தாராளமாகப் படிப்பார். யூனிக்ஸ் முதலில் நீங்கள் உரிமையாளரா என்று பார்க்கும். ஆமாம் என்றால் முதல் இலக்கத்தோடு நின்றுவிடும், மூன்றாவது இலக்கம் வரை போகவே போகாது. ஆனால் உரிமையாளருக்கு ஒரு வசதியை அது ஒருபோதும் பறிப்பதில்லை: அனுமதி 000 ஆனாலும் சிஎச்மோட் அடிக்கும் உரிமை அவருடையதே. (ரூட்டாக நுழைந்து செய்து பார்க்காதீர்கள், அதற்கு எந்தப் பூட்டும் உறைக்காது.) பார்த்து முடித்ததும் மறக்காமல் 644 போட்டுவிடுங்கள்.